தட்டாமல் சுருட்டிய பாய்

சிப்பித்துறைக்காரர்களின் கடலில் பெயரில்லாத நங்கூரத் துறை என்று ஒன்று கிடையாது. எந்தத் தீவின் எந்தப் பக்கம் ஒதுங்கினாலும், எந்த மணல்திட்டின் மறைவில் இரும்பை இறக்கினாலும், அந்த இடம் யாரோ ஒருவருடைய பெயரில் இருக்கும், அந்த ஆள் செத்து மண்ணாய்ப் போயிருந்தாலும் அவருடைய பேரன் வள்ளம் வந்தால் மற்ற வள்ளங்கள் நகர்ந்து இடம் விடும். பெயர் வாங்க ஒரு முறை இருந்தது. புதுத் துறையைக் கண்டவர்களில் ஒருவர் அங்கேயே தங்கிப் புகை போட்டுக்கொண்டிருக்க வேண்டும். மற்றவர் ஊருக்கு வந்து, சாட்சிக்கு இரண்டு பேரைக் கூட்டிப்போய், அவர்கள் கண்முன்னே நங்கூரம் இறக்கிக் காட்ட வேண்டும். தீவு கண்டேன், திமிங்கிலத்தோடு பேசினேன் என்று சாராயத்தின் முன்னால் உட்கார்ந்து அளக்கிறவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்ததால், யாரோ ஒரு புத்திசாலி கொண்டுவந்த ஏற்பாடு அது.

சிலுவைக்கும் அவன் பெண்சாதி கித்தேரிக்கும் பிள்ளை இல்லை, ஒரு பாய் வள்ளம் இருந்தது. மீன்பாடு குறைந்த மாதங்களில் மற்றவர்கள் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்க, இவர்கள் இருவரும் அரிசியும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு, எல்லோருக்கும் தெரிந்த தீவுகளைத் தாண்டித் தெற்கே போய்விடுவார்கள். ஈயக்குண்டின் அடியில் மெழுகு பூசிக் கயிற்றில் இறக்கி, ஒட்டிவருவது சேறா, மணலா, பாறைத் துருவலா என்று பார்த்துப் பார்த்து அவர்கள் இரண்டு மூன்று புதுத் துறைகளைக் கண்டதும் உண்டு. ஆனால் ஒருவரை விட்டு ஒருவர் வர மனமில்லாமல் சேர்ந்தே திரும்பிவிடுவார்கள், சாட்சி கூட்டிப்போவதற்குள் நீரோட்டம் மாறி இடம் தப்பிவிடும். ஊர் அவனுக்குத் 'தீவு மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தது. சிலுவையின் தங்கை பிரகாசியைக் கட்டியிருந்த மோட்சம், எஞ்சின் போட் வைத்திருந்த மோட்சம், "மச்சானுக்குத் தீவு பூரா தலைக்குள்ளதான் இருக்கு" என்று சொல்லும்போது பிரகாசியும் சேர்ந்துதான் சிரித்தாள்.

அப்படியிருக்கையில்தான் அந்த வருஷம், காற்று நின்ற ஒரு வட்டத்துக்குள் அவர்கள் வள்ளம் நுழைந்தது. பின்னால் கடல் கொதித்துக்கொண்டிருக்க, முன்னால் எண்ணெய் ஊற்றி வைத்த தட்டு போல நீர் கிடந்தது. பாய் தொங்கிப்போனதும் இருவரும் துடுப்புப் போட்டுப் போனார்கள். நடுவே ஒரு தீவு. மேடு என்று சொல்ல ஆளுயரம் கூட இல்லாத வெறும் மணல், நாலைந்து தாழம் புதர், காய்ந்து விழுந்த மரங்கள், ஒரு பள்ளத்தில் குடிக்கிற தண்ணீர். அங்கே குவித்த மணல் குவித்தபடியே இருந்தது. வைத்த காலடி அழியவில்லை, தண்ணீருக்குள் வைத்த காலடியும் அழியவில்லை. மெழுகில் வெள்ளை மணல் ஒட்டி வந்தது, ஒரு பாறைத் துணுக்கு கூட இல்லாமல். இதைவிட நல்ல துறையை எந்தக் கடலோடியும் கண்டதில்லை என்பதை இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை, கண் பட்டுவிடும் என்று பயம்.

"இந்தத் தடவை நான் இருக்கேன், நீ போ" என்றான் சிலுவை. "என் பேச்சை எவன் நம்புவான்? நீ சொன்னா நம்புவானுவ."

"ஒத்தையில என்னத்தைத் திம்பிய?"

"மீன் இருக்கு, தண்ணி இருக்கு, வெறகு கெடக்கு. நீ என்ன வருஷக் கணக்காவா போகப்போற? ஏட்டி, ஒரு தடவையாவது ஊருக்குள்ள பேரோட நடந்துட்டுச் சாவணும்."

அவனுக்குப் பெயர் வேண்டியிருந்தது. அவளுக்கு அவன் மட்டும்தான் வேண்டியிருந்தது, ஆனாலும் சரி என்றாள். பெரிய பாயைத் தனியாளாய் ஏற்ற முடியாது, சின்னப் பாயில் போய்விடலாம் என்று, கூடாரமாய்க் கட்டியிருந்த பெரிய பாயை அவிழ்த்துச் சுருட்ட உட்கார்ந்தாள். வேற்றுத் தீவில் விரித்த பாயைச் சுருட்டுமுன் உள்ளங்கையால் மூன்று தட்டுத் தட்ட வேண்டும், அந்த இடத்துக் காற்றை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு வர வேண்டும், இது சிப்பித்துறையில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். கித்தேரி கையை ஓங்கினாள். பாயில் காற்றே இல்லை, ஒரு சிட்டிகை கூட இல்லை. இல்லாத காற்றை எங்கே தட்டிவிடுவது என்று தனக்குள்ளே சிரித்துக்கொண்டு, தட்டாமலே சுருட்டினாள்.

சிலுவை கரையில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினான். அவள் வட்டத்தைத் தாண்டிச் சின்னப் பாயை ஏற்றித் திரும்பிப் பார்த்தபோது, அவன் புகை வானத்துக்கும் தீவுக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல நேராய் நின்றது.

ஊருக்கு வந்து பெரிய பாயை உலர்த்தக் கரையில் விரித்தாள். விரித்து முடிப்பதற்குள் கோயில் கொடி கம்பத்தோடு ஒட்டிக்கொண்டது. கரைக்கு வந்த அலை ஒன்று நண்டுப் பொந்துவரை ஏறிவந்து, திரும்பிப் போகாமல் அப்படியே மணலுக்குள் இறங்கிவிட்டது, அதற்குப் பின்னால் வேறு அலை வரவில்லை. தலையில் கூடை வைத்திருந்த பெண்கள் நின்று பார்த்தார்கள். "கடல் ஓஞ்சிட்டு" என்றாள் ஒருத்தி, மழை விட்டது என்று சொல்வதுபோல, பிறகு எல்லோரும் ஏலத்துக்குப் போனார்கள்.

கித்தேரி மட்டும் மணலில் உட்கார்ந்துவிட்டாள். அந்தத் தீவின் ஓய்ச்சலை, காற்றும் அலையும் நின்ற அந்த அடக்கத்தை, தட்டாத பாயோடு சுருட்டிக்கொண்டு வந்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. இங்கே காற்று நின்றுவிட்டதென்றால் அங்கே நிற்காது என்றும் புரிந்தது. நடந்ததை ஒளிக்காமல் பங்குச் சாமியாரிடமும், மோட்சத்திடமும், கேட்ட எல்லோரிடமும் சொன்னாள். சொன்னால் உதவி செய்வார்கள் என்று நினைத்தாள். அதுதான் அவள் செய்த இரண்டாவது தப்பு.

முதலில் உதவவும் செய்தார்கள். பாயைப் பிறகு பார்க்கலாம், முதலில் ஆளைப் பார்ப்போம் என்று, பாய் வள்ளங்கள் நகர வழியில்லாததால் மோட்சம் தன் எஞ்சின் போட்டில் அவளையும் இரண்டு சாட்சிகளையும் ஏற்றிக்கொண்டு தெற்கே போனான். மூட்டிய எஞ்சின் சத்தம் தவிர வேறு சத்தமில்லாத கடலில் வெகுதூரம் போனபின், ஓய்ச்சல் முடிகிற இடம் வந்தது. அங்கே, கோட்டுக்கு அந்தப் பக்கம், அலை சுவர் மாதிரி எழுந்து எழுந்து விழுந்தது. நேற்றுவரை அதே அலையில் பிழைத்த ஆட்கள்தான். ஒரு நாள் சுகம் பார்த்ததில் அவர்களுக்கு அது புதிதாய்த் தெரிந்தது.

"அக்கா, எஞ்சின் தாங்காது" என்று மோட்சம் போட்டைத் திருப்பினான். "மச்சான் கெட்டிக்காரரு. கெடந்துக்கிடுவாரு. கடல் கொஞ்சம் அடங்கட்டும்."

"அடக்குறது இங்கல்லா இருக்கு, தம்பி. அதை அங்க கொண்டுபோனாத்தான் அடங்கும்."

அந்தப் பேச்சை மோட்சம் கெட்டியாய்ப் பிடித்துக்கொண்டான், ஏனென்றால் திரும்பும் வழியில் கண்ணாடிபோலக் கிடந்த கடலுக்குள் குனிந்து பார்த்தபோது, அடிமணலில் சிங்கி இறால் நடப்பது வரை அவனுக்குத் தெரிந்தது.

ஓய்ச்சல் ஊருக்குப் பழகியது, ஊர் ஓய்ச்சலுக்குப் பழகியது. எஞ்சின்காரர்கள் மீனைப் பார்த்துப் பார்த்து, காய்கறி பொறுக்குவதுபோலப் பிடித்தார்கள். கருவாடு பறக்கவில்லை, கூரை பறக்கவில்லை, கடலுக்குப் போன யாரும் திரும்பாமல் இருக்கவில்லை. ஈஸ்டர் திருவிழிப்புக்கு ஊர் முழுக்கக் கடற்கரையில் திறந்த வெளியில் மெழுகுவர்த்தி பிடித்து நின்றது, ஒரு சுடர் அசையவில்லை, மாதா கொடுத்த வரம் என்று பெண்கள் அழுதார்கள். கெட்ட நாற்றமும் போகவில்லை என்பது உண்மைதான். மீன் கழுவிய வாடை அங்கேயே நின்றது, ஒருவன் வீட்டில் பேசிய வசவு அடுத்த வீட்டுக் கூரைக்கடியிலேயே தொங்கியது, ஆனால் அதையெல்லாம் ஊதுவத்தி கொளுத்திச் சமாளித்தார்கள். வீடுகள் ஒன்றொன்றாய்க் கடலை நோக்கி இறங்கின. அலை வராத கடல் வாசலில் இருந்தால் என்ன என்று, காலை நீட்டினால் தண்ணீரில் படுகிற இடத்தில் சுவர் எழுப்பினார்கள். பாய் வள்ளக்காரர்கள் பாதிப் பேர், போன காற்று இனி வராது என்று பாய்மரத்தை அறுத்து அந்த வீடுகளுக்கு உத்திரம் கொடுத்துவிட்டு, எஞ்சின் போட்டுகளில் கூலிக்கு ஏறினார்கள். அவர்களுக்கு வயிறு எரிந்தது. ஆனால் அந்த எரிச்சலை மோட்சத்திடம் காட்ட முடியாது, கூலி போய்விடும், அதனால் கித்தேரியிடம் காட்டினார்கள்.

பாயை அவள் வீட்டிலிருந்து எடுத்துப்போய்க் கோயிலுக்குள் விரித்துக் கட்டினார்கள், பீடத்துக்கு மேலே, விதானமாய். மறுபடி சுருட்டினால்தானே ஓய்ச்சல் அதற்குள் போகும், விரித்தே கிடக்கட்டும் என்று கணக்கு. அதற்கு நீலத்தில் சரிகை வைத்து ஓரம் தைத்தாள் பிரகாசி.

காற்று அசையாததால் காற்றிலே தூசியில்லை, தூசியில்லாததால் கண் எட்டும் தூரம் கூடியது. அதனால் தெற்கே, கடலும் வானமும் சேரும் இடத்தில், சிலுவையின் புகையை ஊர் முழுக்கப் பார்க்க முடிந்தது. விடிந்ததும் ஒரு தரம், உச்சிக்கு ஒரு தரம், பொழுது சாயும்போது ஒரு தரம் அது எழும். முதல் வாரம் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். அடுத்த வாரம், "சிலுவை அடுப்பு மூட்டிட்டான், நாமளும் உலை வைப்போம்" என்று பெண்கள் எழுந்துபோனார்கள். பிறகு அந்தப் புகையைப் பார்த்துப் பள்ளிக்கூடத்து மணியடித்தார்கள். புகை நேராய் இல்லை, தரையோடு தரையாய்ப் படுத்து இழுபடுகிறது என்பதையும், அது கிளம்புகிற இடம் வாரத்துக்கு வாரம் தாழ்ந்துகொண்டே போகிறது என்பதையும் கித்தேரி ஒருத்திதான் பார்த்தாள்.

அவள் கேட்காமல் இருக்கவில்லை. ஈஸ்டர் முடியட்டும் என்றார்கள். மாதா திருவிழா முடியட்டும் என்றார்கள். புது வீடுகளுக்குக் காங்கிரீட் போட்டு இறுகட்டும் என்றார்கள். பங்குச் சாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார், நல்ல மனிதர், கண்கலங்கியதோடு நின்றுகொண்டார். கடைசியில் அவள் பிரகாசியிடம் போனாள்.

"ஒங்க அண்ணன் அது. கூடப் பொறந்தவரு."

"எனக்கு இல்லையா மதினி அந்த வருத்தம்? அந்தப் பொகையைப் பாத்தா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்கு." பிரகாசி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "வீடு பாதியில நிக்கி. அதுவரைக்கும் பொறுத்துக்கிடுங்க. பொகை வந்துக்கிட்டுதான இருக்கு? நல்லாத்தான் இருக்காவ."

கித்தேரிக்கு அவள் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது. நெரிக்காமல் வீட்டுக்குப் போய்ச் சின்னப் பாயைத் தைத்தாள்.

பிரகாசியின் வீடு முடிந்து, சாமியார் வந்து மந்திரிக்க நாள் குறித்தார்கள். அன்று காலை தெற்கே புகை எழவில்லை. உலை வைக்க நேரம் தெரியாமல் பெண்கள் கொஞ்சம் தடுமாறினார்கள். "வெறகு நனைஞ்சிருக்கும்" என்றான் ஒருவன், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. உச்சிக்கும் எழவில்லை. சாமியார் தீர்த்தச் செம்போடு கடலோரத்து வீட்டுக்கு நடக்க, ஊர் அவர் பின்னாலே பிரியாணி வாசனையைப் பார்த்து நடக்க, கித்தேரி ஆளில்லாத கோயிலுக்குள் போனாள்.

விதானத்தை அவிழ்த்தாள். பிரகாசி தைத்த சரிகையைப் பல்லால் கடித்துக் கிழித்து எறிந்தாள். முதல் முறை தெரியாமல் செய்ததை இந்த முறை தெரிந்தே செய்தாள்: தட்டாமல் சுருட்டினாள். சுருட்டச் சுருட்டப் பாய் கனத்தது, வெளியே கோயில் கொடி ஒரு முறை சிலிர்த்துக்கொண்டு படபடத்தது.

அவள் வள்ளத்தைத் தள்ளும்போது அலை இடுப்புவரை வந்துவிட்டது. பிரகாசி தலை அவிழ்ந்து ஓடிவந்தாள்.

"மதினி, வேண்டாம் மதினி. பிள்ளையள் உள்ள இருக்கு."

"பிள்ளையளைத் தூக்கிக்கிட்டு மேட்டுக்குப் போ. வீட்டை விட்டுரு."

"ஒரே நாள் பொறுங்க."

"ஒங்க ஒரே நாளைத்தான் அவரு இம்புட்டு நாளா தின்னுக்கிட்டுக் கெடந்தாரு" என்றாள் கித்தேரி, சின்னப் பாய் புடைத்தது, வள்ளம் பாய்ந்தது. அவளைத் துரத்த யாரும் வரவில்லை. எல்லோரும் கட்டிலையும் பீரோவையும் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

தீவு இருந்த இடத்துக்கு அவளுக்கு வழி தெரியும். போய்ச் சேர்ந்தபோது அங்கே தீவு இல்லை. கறுத்த நீர் எழுந்து எழுந்து விழுந்தது, அவ்வளவுதான். இடம் தப்பிவிட்டது, ஓட்டத்தில் விலகி வந்துவிட்டேன் என்று ஒரு நிமிஷம் தனக்குத்தானே பொய் சொல்லிப் பார்த்தாள். பிறகு ஈயக்குண்டின் அடியில் மெழுகை அழுத்திப் பூசி இறக்கினாள். கயிறு ஓடாமல் உடனே தொட்டது. இழுத்துத் திருப்பிப் பார்த்தாள். மெழுகில் வெள்ளை மணலும், அதன் நடுவே நகத்தளவு அடுப்புக்கரியும் ஒட்டியிருந்தன.

அவள் கத்தி அழுதாள். அந்த இரைச்சலில் அவள் அழுதது அவளுக்கே கேட்கவில்லை.

பெரிய பாயை வள்ளத்துக்குக் குறுக்கே விரித்து, முழந்தாளிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையால் தட்டினாள். ஒன்று, நேற்று வந்திருக்க வேண்டியதற்கு. ஒன்று, அன்றைக்கே தட்டியிருக்க வேண்டியதற்கு. மூன்றாவதை எதற்கென்று சொல்லாமல் தட்டினாள். ஓய்ச்சல் பாயிலிருந்து இறங்கித் தன் இடத்தைத் தேடியது, தீவு இல்லாவிட்டாலும் இடம் இருந்ததால் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அலை படுத்தது, கலங்கல் தெளிந்தது.

கீழே அடுப்பின் மூன்று கல் தெரிந்தது. பக்கத்தில் அவன் அடுக்கி வைத்த விறகு, நனைந்துவிடாதபடி மேலே தாழை ஓலையும் ஓலைக்கு மேல் கல்லும் வைத்து. மணலில் அவன் காலடிகள். அடுப்பைச் சுற்றி ஒரு பெரிய வட்டம், அதற்குள்ளே சின்ன வட்டம், அதற்குள்ளே இன்னும் சின்னது, தண்ணீர் ஏறஏற அவன் ஒடுங்கி ஒடுங்கி வந்திருக்கிறான்; எல்லாவற்றுக்கும் நடுவே, வடக்கே ஊரைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் ஊன்றிய இரண்டு பாதம், அதோடு முடிந்துவிட்டது. அவனைக் காணவில்லை.

கித்தேரி பெரிய பாயை மெதுவாய் நீரில் விட்டாள். அது கசங்காமல் இறங்கி அந்த இரண்டு பாதத்தின் மேலே படிந்தது. பிறகு முறைப்படி நங்கூரத்தை இறக்கி, "சிலுவை துறை" என்று உரக்கச் சொல்லி, இரும்பைத் தூக்கிக்கொண்டு, துடுப்புப் போட்டு வெளியே வந்தாள்.

ஊர் மேட்டில் நின்றது. கடலோரத்து வீடுகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. உத்திரங்களாய்ப் போன பாய்மரங்கள் மறுபடி கடலில் மிதந்தன. யாருக்கும் உயிர்ச்சேதமில்லை. ஈரத் துணியோடு நின்ற கூட்டத்திலிருந்து மோட்சம் கீழே வந்தான்.

"பாய் எங்க?" என்று கேட்டான்.

கித்தேரி கூட்டத்தை ஒரு முறை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். சிலுவை எங்கே என்று அதில் யாராவது கேட்பார்கள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிரகாசி தலையைக் குனிந்துகொண்டாள்.

"தொறை நல்ல தொறை. அடி வெள்ள மணல். கண்டவரு அங்கதான் இருக்காரு, நான் வந்து சொல்லிட்டேன்" என்றாள் கித்தேரி. "சாட்சிக்கு ரெண்டு பேரு வாங்க."

ஒருவரும் வரவில்லை. புகை இல்லாத இடத்துக்கு என்ன துறை என்றார் ஒரு பெரியவர். தீவே முங்கியிருக்கும், பிறகென்ன என்றார் இன்னொருவர். முறை முறைதான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டு, மிதந்த உத்திரங்களைப் பிடிக்க இறங்கினார்கள்.

அதன்பின் ஒரு புயல் காலத்தில், மோட்சத்தின் போட் திசை தப்பித் தெற்கே அடித்துப்போனபோது, கொந்தளிப்பின் நடுவே எண்ணெய் ஊற்றிய தட்டு போல ஒரு வட்டம் கிடந்தது. அதற்குள் ஒதுங்கிப் பிழைத்தார்கள். புயல் ஓய்ந்ததும் மோட்சம் கூலிக்காரர்களில் ஒருவனை போட்டோடு அங்கேயே விட்டு, டயர் கொளுத்திப் புகை போடச் சொல்லி, வழியே போன போட்டில் ஏறி வந்து, இரண்டு பேரைக் கூட்டிப்போய்க் காட்டினான். எல்லாம் முறைப்படி நடந்தது. கித்தேரி அப்போது இறால் கொட்டகையில் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவளுக்குக் கேட்காதபடி மெதுவாய்ப் பேசினார்கள், அவளுக்குக் கேட்டது, அவள் கை நிற்கவில்லை.

இன்றைக்கும் கடல் கெட்டால் எஞ்சின் போட்டுகள் எல்லாம் மோட்சம் துறைக்குத்தான் ஓடுகின்றன. அங்கே அலை கிடையாது, அடி நல்ல மணல், சோறாக்கிச் சாப்பிட்டுப் படுத்துத் தூங்கலாம். திரும்பும்போது நங்கூரத்தைத் தூக்கினால் அதன் கொம்பில் சில நேரம் பாய்த் துணியின் நூலும் அடுப்புக்கரியும் ஒட்டி வரும். அதைக் கட்டைவிரலால் வழித்துக் கடலில் எறிந்துவிட்டு, கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, எஞ்சினை மூட்டுவார்கள்.